பல்சர் துடிப்புகளில் கரும்பொருளைத் தேடுவது எப்படி: தரவிறக்கம் முதல் மேல் வரம்பு வரை

பல்சர்கள் என்ற சுழலும் நியூட்ரான் விண்மீன்களைக் கொண்டு கரும்பொருளைத் தேடப் பல வழிகள் உண்டு. இங்கே விரிவாகப் பார்க்கப்போவது ஒன்றை: மில்லிவினாடிப் பல்சர்களின் (சில மில்லிவினாடிக்கு ஒருமுறை சுழல்பவை) துடிப்புகள் பூமிக்கு வந்துசேரும் நேரத்தில், மிக இலேசான கரும்பொருள் துகள்கள் உண்டாக்கக்கூடிய சீரான ஊசலாட்டத்தைத் தேடுவது. புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே வசதி. தரவு பொதுவெளியில் கிடைக்கிறது, மென்பொருள்கள் இலவசம், ஐந்தாறு பல்சர்கள் வரை ஒரு நல்ல மேசைக்கணினியே தாங்கும். பைத்தானில் நிரல் எழுதும் பழக்கமும் பேய்ஸ் முறைப் புள்ளியியலின் அடிப்படையும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்.

கரும்பொருள் சமிக்ஞைக்கான நிரல் முப்பது நாற்பது வரியில் முடிந்துவிடும். மீதி உழைப்பெல்லாம், அதே போல வேடமிடும் மற்ற விளைவுகளை அடையாளம் கண்டு மாதிரிக்குள் அடக்குவதில் போகும். ஆகவே, கண்டுபிடித்தே தீருவது என்று இறங்க வேண்டாம். ‘இந்த நிறையுள்ள துகள் இந்த அடர்த்திக்கு மேல் இருக்க முடியாது’ என்ற மேல் வரம்பை நேர்மையாக எட்டுவதை இலக்காக வையுங்கள்.

தேடும் சமிக்ஞை எப்படி இருக்கும்

துகளின் நிறை 10⁻²² எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குச் சிறியது என்றால், சூரியனின் அக்கம்பக்கத்தில் உள்ள கரும்பொருள் அடர்த்தியை (கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.4 கிகா எலக்ட்ரான் வோல்ட்) நிரப்ப எண்ணிலடங்காத துகள்கள் வேண்டும். அவை தனித்தனியாக அல்லாமல் ஒரே திசையிலிப் புலமாக, ஓர் அலையாக நடந்துகொள்ளும். இந்த அலையின் ஆற்றல் அடர்த்தி ஏறத்தாழ மாறாது. ஆனால் அதன் அழுத்தம், துகளின் இயல்பான அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு வேகத்தில் ஊசலாடும். அதோடு சேர்ந்து அந்த இடத்தின் ஈர்ப்புக் குழியும் சற்றே ஆழமாகி மேலெழும். பல்சரும் பூமியும் அத்தகைய குழிகளில்தான் இருக்கின்றன. துடிப்புகள் சற்று முந்தியும் பிந்தியும் வரும். ஹ்மெல்னிட்ஸ்கியும் ருபகோவும் 2014ல் வெளியான கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அவர்களின் சூத்திரத்தில் 0.4 அடர்த்தியைப் போட்டால் கிடைப்பவை:

நிறை 5×10⁻²⁴ எலக்ட்ரான் வோல்ட்: ஊசல் காலம் 13 ஆண்டுகள், வீச்சு சுமார் 170 நானோவினாடி
நிறை 10⁻²³: 6.5 ஆண்டுகள், சுமார் 20 நானோவினாடி
நிறை 2×10⁻²³: 3.3 ஆண்டுகள், சுமார் 2.6 நானோவினாடி
நிறை 10⁻²²: 8 மாதம், சுமார் 0.02 நானோவினாடி

வீச்சு நிறையின் கன அளவுக்கு எதிர்விகிதத்தில் விழுகிறது. கோட்பாட்டாளர்கள் அதிகம் விரும்பும் 10⁻²² இன்றைய பல்சர் தரவின் எட்டுக்கு வெளியே இருக்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் உண்மையில் வேலை செய்யக்கூடிய சன்னல் 10⁻²⁴ முதல் ஒரு சில 10⁻²³ வரை.

சமிக்ஞையில் இரண்டு உறுப்புகள் உண்டு. பூமி உறுப்பு எல்லாப் பல்சர்களிலும் ஒரே நேரத்தில், ஒரே குறியோடு வரும். பல்சர் உறுப்பு ஒவ்வொன்றிலும் வேறு கட்டத்தில் வரும். பல்சர்களின் தூரம் போதிய துல்லியத்தில் தெரியாததால் அந்தக் கட்டத்தை முன்கூட்டிக் கணிக்க இயலாது. அதிர்வெண் மட்டும் எங்கும் ஒன்றே. அலையின் ஒத்திசைவு பல லட்சம் ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், நம் இருபது ஆண்டுத் தரவில் அது தூய சைன் அலைதான்.

படி 1: தரவை எடுப்பது

பொதுவெளியில் உள்ள முக்கியத் தொகுப்புகள்: வட அமெரிக்கப் பல்சர் நேரக்கணிப்புக் கூட்டணியான நானோகிராவின் 15 ஆண்டுத் தரவு (68 பல்சர்கள்), ஐரோப்பியக் கூட்டணியின் இரண்டாம் வெளியீடு (25 பல்சர்கள், அதிகபட்சம் 24.7 ஆண்டுகள்), ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் மூன்றாம் வெளியீடு (32 பல்சர்கள், 18 ஆண்டுகள் வரை), மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் எடுத்த இந்தியக் கூட்டணியின் முதல் வெளியீடு (14 பல்சர்கள், 3.5 ஆண்டுகள்). இந்தியத் தரவு காலத்தால் குட்டை. ஆனால் 300–500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் 1260–1460 மெகாஹெர்ட்ஸையும் ஒரே சமயத்தில் எடுத்திருப்பதால் ஊடகத் தாமதத்தை அளக்க அதற்கு ஈடு குறைவு. ஏன் என்பது படி 5ல் வரும்.

ஒவ்வொரு பல்சருக்கும் இரண்டு கோப்புகள் கிடைக்கும். பார் கோப்பில் சுழற்சி, இருப்பிடம், சுற்றுப்பாதை போன்ற அளவுருக்கள். டிம் கோப்பில் துடிப்பு வருகை நேரங்கள், அவற்றின் பிழை, ரேடியோ அதிர்வெண், எந்தத் தொலைநோக்கி, எந்தக் கருவி என்ற குறிகள். கருவிக் குறிகளை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள். பின்னால் இரைச்சல் மாதிரி முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கும்.

முதல் முயற்சிக்கு ஒரே தொகுப்போடு நில்லுங்கள். இரண்டு கூட்டணிகளின் தரவை ஒன்றாக்குவது தனி வேலை. ஒரே தொலைநோக்கித் தரவு இரண்டிலும் இருந்து இருமுறை எண்ணப்படுவது அதில் அடிக்கடி நேரும் கோளாறு.

படி 2: எந்தப் பல்சர்கள்

எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். ஒரு சிறு கணக்கு: வருகை நேரப் பிழை 200 நானோவினாடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று 15 ஆண்டுகளில் 390 அவதானிப்புகள். சைன் அலையின் வீச்சை அளப்பதில் எஞ்சும் பிழை, 200ஐ 390ல் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது: 14 நானோவினாடி. 10⁻²³ நிறைக்குத் தேடுவது 20. ஒரு பல்சரில் தெளிவில்லாதது, அதே தரத்தில் பத்துப் பல்சர்கள் சேர்ந்தால் பூமி உறுப்புக்கு 4.5 நானோவினாடிப் பிழையாகச் சுருங்கும். பிழை 2 மைக்ரோவினாடி உள்ள பல்சர் ஒன்று இந்தக் கூட்டத்தில் சேர்ந்து கொண்டுவரும் பயன் கிட்டத்தட்டச் சுழி. அது கணினி நேரத்தை மட்டும் தின்னும்.

தொடங்க நல்லவை: ஜே1909−3744 (இருப்பவற்றில் மிகச் சீரானவற்றுள் ஒன்று), ஜே0437−4715 (157 பார்செக் தொலைவில், மிகப் பிரகாசமானது, ஆனால் தென்வானில் இருப்பதால் பார்க்ஸ் தரவில் தேடுங்கள்), ஜே1744−1134, ஜே1600−3053, ஜே1713+0747. கடைசியாகச் சொன்னதில் எச்சரிக்கை தேவை. 2008லும் 2016லும் அதன் வருகை நேரங்களில் திடீர்ச் சரிவுகள் ஏற்பட்டு மெல்ல மீண்டன. 2021 ஏப்ரலில் துடிப்பின் வடிவமே மாறியது. அந்தத் தேதிக்குப் பிந்தைய தரவை முதல் சுற்றில் வெட்டிவிடுங்கள். முந்தைய இரண்டு நிகழ்வுகளுக்கும் அடுக்குக்குறியாகத் தேயும் சரிவை மாதிரியில் சேருங்கள்.

தவிர்க்க வேண்டியவை: 1982ல் கண்டறியப்பட்ட முதல் மில்லிவினாடிப் பல்சரான பி1937+21. அதன் வருகை நேரப் பிழை பொறாமைப்படத்தக்க அளவு சிறியது, ஆனால் நீண்டகாலத் தள்ளாட்டம் பெரியது. நாம் தேடும் அதிர்வெண்களிலேயே அது அலைகிறது. ஜே1643−1224 ஓர் அயனிமயமான வாயு மேகத்தின் பின்னால் இருப்பதால் அதன் இரைச்சல் சிக்கலானது.

படி 3: ஒரே கடிகாரம், ஒரே கோள்நிலை அட்டவணை

எல்லாப் பார் கோப்புகளிலும் கடிகாரத் தரம் ஒன்றாக இருக்க வேண்டும். பன்னாட்டு எடை அளவை நிறுவனத்தின் ஒரே ஆண்டுப் பதிப்பு, எடுத்துக்காட்டாக டிடி பிஐபிஎம்2021. கோள்நிலை அட்டவணையும் ஒன்றாக இருக்கட்டும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தரும் டிஇ440 நல்ல தேர்வு. பல்சருக்குப் பல்சர் இவை மாறினால், அந்த மாறுபாடே நானோவினாடி அளவில் போலி ஊசலாட்டத்தை நட்டுவிடும்.

அடுத்த கண்ணி கால அலகு. டெம்போ2 என்ற நேரக்கணிப்பு மென்பொருள் இயல்பாக டிசிபி அலகில் எழுதும். பின்ட் மென்பொருள் டிடிபி அலகை எதிர்பார்க்கும். இரண்டும் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தை வைத்துக் கணக்கிடும் கால அளவைகள். இரண்டுக்கும் வேகத்தில் 1.55×10⁻⁸ வேறுபாடு உண்டு. மாற்றாமல் ஏற்றினால் மிச்சங்கள் (கணித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாடுகள்) சாய்ந்து ஓடும், சுழற்சி எண்ணிக்கையே தப்பும். பின்ட்டில் இதற்கென மாற்றுக் கருவி இருக்கிறது. ஆனால் மாற்றியபின் அளவுருக்களை ஒருமுறை மீண்டும் பொருத்தியே ஆக வேண்டும்; மாற்றம் தோராயமானது.

படி 4: நேர மாதிரியைப் பொருத்துவது

பின்ட்டில் பார், டிம் கோப்புகளை ஏற்றி, பொதுமைப்படுத்திய மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தி, கணித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள மிச்சத்தை வரையுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: மிச்சம் சுழியைச் சுற்றி நிற்கிறதா, கருவி மாறிய இடத்தில் படிக்கட்டு தெரிகிறதா, ஓராண்டுக் கால அலை எஞ்சியிருக்கிறதா. படிக்கட்டு தெரிந்தால் அந்தக் கருவிக் குறிக்குத் தாவல் அளவுரு விடுபட்டிருக்கிறது. ஆண்டு அலை தெரிந்தால் இருப்பிடம் சரியாகப் பொருந்தவில்லை.

இந்தப் பொருத்தம் கரும்பொருள் சமிக்ஞையையும் சேர்த்து விழுங்கும் என்பது இங்கேயே மனதில் பதிய வேண்டும். வானத்தில் பல்சரின் இருப்பிடத்தைப் பொருத்துவது ஓராண்டுக் கால அலையைத் துடைத்துவிடும், அது 6.5×10⁻²³ நிறைக்குச் சமம். இடமாறு தோற்றப்பிழை அரையாண்டு அலையைத் துடைக்கும், 1.3×10⁻²². உங்கள் வரம்பு வளைகோடு எட்டும் எல்லைக்குள் இந்த நிறைகளில் கூரான முகடு எழவில்லை என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. சுற்றுப்பாதைக் காலம் நீண்ட இரட்டைப் பல்சர்களும் கவனிக்க வேண்டியவை: ஜே1640+2224 தன் துணையைச் சுற்ற ஏறத்தாழ 175 நாள் எடுக்கிறது, அந்தக் காலமுள்ள அலையும் அந்தப் பல்சரில் காணாமற்போகும்.

சுழற்சி அதிர்வெண்ணும் அது குறையும் வீதமும் சேர்ந்து மிச்சத்திலிருந்து ஒரு பரவளைவைக் கழிக்கின்றன. ஆகவே அவதானிப்புக் காலத்தைவிட நீண்ட ஊசல் காலம் கொண்ட சமிக்ஞையில் பெரும்பகுதி தொலையும். ஆனாலும் முழுவதும் தொலைவதில்லை. 10⁻²⁴ நிறைக்கு ஊசல் காலம் 65 ஆண்டுகள், வீச்சு 20 மைக்ரோவினாடி. பரவளைவைக் கழித்தபின் எஞ்சும் மூன்றாம்படி வளைவே 25 ஆண்டுத் தரவில் மைக்ரோவினாடிக் கணக்கில் இருக்கும். ஐரோப்பியத் தரவு 10⁻²⁴ வரை இறங்க முடிந்தது இதனால்தான்.

படி 5: இரைச்சல் மாதிரி

நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே செலவிடுங்கள். பல்சர் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, எண்டர்பிரைஸ் மென்பொருளில் கீழ்க்கண்டவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளை இரைச்சல். கருவிக்கு ஒன்றாக, பிழையைப் பெருக்கும் எண் (ஈஃபேக்), வர்க்கத்தில் கூட்டும் எண் (ஈக்வாட்). ஒரே அமர்வில் பல துணைப்பட்டைகள் இருந்தால் அவற்றை இணைக்கும் எண் (ஈகார்). ஈஃபேக் 1க்கு அருகில் வரவேண்டும். 3, 4 என்று வந்தால் அந்தக் கருவியின் தரவில் ரேடியோ குறுக்கீடோ தவறான துடிப்பு வார்ப்போ இருக்கிறது. ஈக்வாட்டை ஈஃபேக்கால் பெருக்குவதா வேண்டாமா என்பதில் மென்பொருள்களுக்குள் இரண்டு மரபுகள் உண்டு. வெளியிட்ட இரைச்சல் மதிப்புகளை அப்படியே எடுத்துப் போடுவதற்கு முன் எந்த மரபு என்று பாருங்கள்.

பிரிகை அளவின் மாற்றம். விண்மீனிடை வெளியில் உள்ள எலக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண்ணை அதிகம் தாமதப்படுத்தும்; தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். வழியில் உள்ள எலக்ட்ரான் தொகை கன சென்டிமீட்டருக்கு 10⁻⁴ பார்செக் என்ற சிறு அளவு மாறினாலே 1.4 கிகாஹெர்ட்ஸில் தாமதம் 210 நானோவினாடி. நாம் தேடுவதைப் போலப் பத்து மடங்கு. அந்த மாற்றமும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அலையும். காப்பாற்றும் வேறுபாடு ஒன்றே: கரும்பொருள் சமிக்ஞை எல்லா ரேடியோ அதிர்வெண்களிலும் ஒரே அளவு. எனவே அகன்ற அதிர்வெண் வீச்சில் எடுத்த தரவு இல்லாத பழைய ஆண்டுகளில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஒரே பட்டையில் எடுத்த ஆரம்பகாலத் தரவைச் சேர்த்துக் காலத்தை நீட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தத் தரவு சேர்ந்தும் சேராமலும் இருமுறை ஓட்டி, வரம்பு நகர்கிறதா என்று பார்த்தபின் முடிவெடுங்கள்.

சூரியக் காற்று. சூரியனுக்கு அருகில் பார்வைக்கோடு போகும் பல்சர்களில் ஆண்டுக்கொருமுறை தாமத முகடு வரும். பூமியருகே எலக்ட்ரான் அடர்த்தியை மாறிலியாக வைக்காமல் கட்டற்ற அளவுருவாக விடுங்கள். அது சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிதறல். அதிர்வெண்ணின் நான்காம் படிக்கு எதிர்விகிதமாகப் போகும் தாமதம். எல்லாப் பல்சருக்கும் தேவையில்லை. ஜே1600−3053 போன்றவற்றுக்குத் தேவை.

சிவப்பு இரைச்சல். பல்சரின் சுழற்சியிலேயே உள்ள மெதுவான தள்ளாட்டம். இதை அடுக்கு விதிப்படி ஃபூரியே உறுப்புகளாக எழுதுவது வழக்கம்: சிவப்புக்கு 30 அதிர்வெண்கள், பிரிகை அளவுக்கு 100 என்று தொடங்கலாம். வீச்சின் மடக்கைக்கு −20 முதல் −11, சரிவுக்கு 0 முதல் 7 என்று முன்பரவல் வையுங்கள்.

எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒவ்வொரு பல்சருக்கும் மாதிரி ஒப்பீட்டால் முடிவு செய்யுங்கள். எல்லாருக்கும் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் சமிக்ஞையும் இரைச்சலுக்குள் கரையும். குறைவாகப் போட்டால் இரைச்சல் சமிக்ஞையாக எழும். இரண்டில் பின்னது ஆபத்தானது, ஏனென்றால் அது பார்க்க அழகாக இருக்கும்.

படி 6: ஈர்ப்பு அலைப் பின்னணியை மறக்காதீர்கள்

2023 ஜூனில் நானோகிராவ், ஐரோப்பிய–இந்தியக் கூட்டணி, பார்க்ஸ், சீனக் குழு ஆகிய எல்லாமே நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பு அலைப் பின்னணிக்கான சான்றை அறிவித்தன. நானோகிராவின் அளவீட்டில், ஆண்டுக்கு ஒன்று என்ற அதிர்வெண்ணில் அதன் வீச்சு சுமார் 2.4×10⁻¹⁵. அது நம் சன்னலுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாப் பல்சர்களுக்கும் பொதுவான சிவப்புச் செயல்முறையாக, சரிவு 13/3 என்று நிறுத்தியோ கட்டற்றோ, மாதிரியில் சேருங்கள். பல்சர்களுக்கிடையிலான தொடர்பு வளைவையும் சேர்ப்பது இன்னும் நல்லது. ஆனால் கணினி நேரம் பல மடங்காகும். முதல் சுற்றுக்குப் பொதுச் செயல்முறை போதும்.

படி 7: சமிக்ஞையை எழுதி, மாதிரியெடுப்பது

அளவுருக்கள்: நிறையின் மடக்கை (−24 முதல் −22), ஈர்ப்பு ஊசலின் அலகற்ற வீச்சின் (நானோவினாடி அல்ல, படி 8ல் வரும்) மடக்கை (−20 முதல் −12), பூமியில் கட்டம், ஒவ்வொரு பல்சரிலும் கட்டம் (0 முதல் 360 பாகை, சமப்பரவல்). இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். அலை தன்னோடு தானே குறுக்கிட்டு இடத்துக்கு இடம் தடித்தும் மெலிந்தும் இருக்கும். ஒரு திட்டின் அளவு 10⁻²² நிறைக்குச் சுமார் 400 பார்செக், 10⁻²³க்கு 4000 பார்செக். திட்டு பெரிதாக இருந்தால் பூமியும் பல்சர்களும் ஒரே அடர்த்தியைப் பார்க்கும். ஒரே காரணி போதும். சிறிதாக இருந்தால் பூமிக்கு ஒன்று, ஒவ்வொரு பல்சருக்கும் ஒன்று என்று தனித்தனி அடர்த்திக் காரணி வேண்டும். அதன் முன்பரவல் அடுக்குக்குறியாகத் தேய்வது. இந்தத் தற்செயல் ஏற்றத்தாழ்வை விட்டுவிட்டால் வரம்பு உண்மையைவிடக் கடுமையாகத் தெரியும். நாம் ஒரு மெலிந்த திட்டில் இருக்கக்கூடும் என்பதை அது கணக்கில் எடுக்காது.

மார்க்கோவ் சங்கிலி ஓட்டும்போது நிறை அளவுருதான் தொல்லை தரும். பின்பரவலில் பல குறுகிய சிகரங்கள் இருப்பதால் சங்கிலி ஒன்றிலேயே மாட்டிக்கொள்ளும். நிறையை 0.1 மடக்கை அகலமுள்ள துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டுவது எளிய தீர்வு. முதல் கால்பங்கை எறிந்துவிட்டு, வேறுவேறு இடத்தில் தொடங்கிய நான்கு சங்கிலிகளாவது ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கெல்மன்–ரூபின் எண் 1.01க்குக் கீழே வரட்டும்.

முன்பரவலை இருவிதமாக வைத்து இரண்டு முறை ஓட்ட வேண்டும். சமிக்ஞை இருக்கிறதா என்று கேட்கும்போது வீச்சின் மடக்கை சமப்பரவலாக இருக்கட்டும். மேல் வரம்பு எடுக்கும்போது வீச்சே சமப்பரவலாக இருக்கட்டும். மடக்கைப் பரவலில் எடுத்த 95 விழுக்காட்டு வரம்பு, கீழ் எல்லையை எங்கே வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து நகரும். −20க்குப் பதில் −25 என்று வைத்தால் ‘முன்னேறிய’ வரம்பு கிடைத்துவிடும். அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

படி 8: வீச்சிலிருந்து அடர்த்திக்கு

10⁻²² நிறையும் 0.4 அடர்த்தியும் இருந்தால் ஈர்ப்பு ஊசலின் வீச்சு 6.5×10⁻¹⁸, நிறையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக அது மாறும். ஆக 10⁻²³ நிறைக்கு 6.5×10⁻¹⁶. உங்கள் வரம்பு அங்கே 1.3×10⁻¹⁵ என்று வந்தால், அது எதிர்பார்க்கும் அளவில் இரண்டு மடங்கு, அதாவது அந்தத் துகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.8 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது.

ஒப்பிட இரண்டு எண்கள். பார்க்ஸ் தரவில் 26 பல்சர்களைக் கொண்டு 2018ல் வெளியான வரம்பு, 10⁻²³ வரையிலான நிறைகளுக்கு 6 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஐரோப்பிய இரண்டாம் வெளியீட்டைக் கொண்டு 2023ல் வந்த முடிவு: 10⁻²⁴ முதல் 10⁻²³·³ வரையுள்ள துகள்கள் கரும்பொருள் முழுவதையும் ஆக்க முடியாது, அதிகபட்சம் 0.3. ஐந்தாறு பல்சர்களோடு நீங்கள் இதைவிடக் கடுமையான வரம்பை எட்டினால், மகிழ்வதற்கு முன் படி 9க்குப் போங்கள்.

படி 9: பொய்ச் சமிக்ஞையை நட்டுச் சோதிப்பது

இதைச் செய்யாத வரம்பை நம்ப வேண்டாம். உண்மையான வருகை நேரங்களின் தேதிகளையும் பிழைகளையும் அப்படியே வைத்து, உங்கள் இரைச்சல் மாதிரியிலிருந்து போலித் தரவை உருவாக்குங்கள். பின்ட்டிலும் லிப்ஸ்டெம்போவிலும் இதற்கு வசதி உண்டு. அதில் 20, 50, 100 நானோவினாடிச் சைன் அலைகளை நட்டு, முழுப் பகுப்பாய்வையும் ஓட்டுங்கள். நூறு போலித் தொகுப்புகளில் ஏறத்தாழ 95ல் நட்ட வீச்சு உங்கள் 95 விழுக்காட்டு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். எண்பதில்தான் இருக்கிறது என்றால் இரைச்சல் மாதிரி சமிக்ஞையைத் தின்கிறது. நடும் இடம் முக்கியம்: பொருத்துவதற்கு முன் உள்ள வருகை நேரங்களில் நடுங்கள். பொருத்திய பின் கிடைத்த மிச்சத்தில் கூட்டினால், நேர மாதிரி விழுங்கும் பங்கு கணக்கில் வராமல் சோதனை எப்போதும் வெற்றி பெறும்.

சிகரம் ஒன்று எழுந்தால்

முதலில் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள். ஓராண்டு, அரையாண்டு, வியாழனின் 11.86 ஆண்டு (5.5×10⁻²⁴ நிறை), சூரியச் சுழற்சியின் 11 ஆண்டு, இவற்றின் அருகில் இருந்தால் சந்தேகத்தின் பலன் கரும்பொருளுக்குக் கிடையாது.

பிறகு பல்சர்களை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டுங்கள். ஒரே ஒரு பல்சரை எடுத்ததும் சிகரம் மறைந்தால் அது அந்தப் பல்சரின் சொந்தச் சிக்கல். தொலைநோக்கி வாரியாகவும், காலத்தை முன்பாதி பின்பாதி என்று பிரித்தும் பாருங்கள். தாழ்ந்த பட்டையில் மட்டும் பெரிதாக வந்தால் அது விண்மீனிடை ஊடகம்.

இவற்றைத் தாண்டியபின்தான் கடினமான கேள்வி. பூமி உறுப்பு எல்லாப் பல்சரிலும் ஒரே குறியோடு வருகிறது. அதாவது ஒருமுனை வடிவம். பூமியின் கடிகாரத் தரத்தில் ஒரு பிழை இருந்தாலும் அதே வடிவம்தான் வரும். கோள்நிலை அட்டவணைப் பிழை இருமுனையாகவும், ஈர்ப்பு அலைப் பின்னணி நான்முனை சார்ந்த வளைவாகவும் வருவதால் அவற்றைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. கடிகாரத்தைப் பிரிக்கக் கைவசம் உள்ள வழி பல்சர் உறுப்பு: கடிகாரப் பிழைக்கு அது கிடையாது. ஆகவே பூமி உறுப்பு மட்டும் உள்ள மாதிரியையும் இரண்டும் உள்ள மாதிரியையும் ஒப்பிடுங்கள். பூமி உறுப்பு மட்டுமே போதும் என்று தரவு சொன்னால், அதைக் கரும்பொருள் என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. நானோகிராவ் தரவில் 4 நானோஹெர்ட்ஸ் அருகே ஒருமுனை வகையிலான சிறு மிகை ஒன்று பேசப்பட்டது. 8×10⁻²⁴ நிறைக்குப் பொருந்தும் இடம் அது. அதை யாரும் கண்டுபிடிப்பாக அறிவிக்கவில்லை, சரியாகவே.

மற்ற வழிகள், சுருக்கமாக

அதே தரவில் முனைவாக்கமும் பதிவாகியிருந்தால், ஆக்சியன் வகைத் துகள்கள் (கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் இலேசான துகள்கள்) ரேடியோ அலையின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றுகின்றனவா என்று தேடலாம். இங்கே ஊசல் துகளின் இயல்பான அதிர்வெண்ணிலேயே வரும், இரு மடங்கில் அல்ல. 10⁻²² நிறைக்குச் சுமார் 480 நாள். தொல்லை பூமியின் அயனி மண்டலம். அதன் சுழற்சி அளவு சதுர மீட்டருக்கு 1 ரேடியன் என்று எடுத்தால் 1.4 கிகாஹெர்ட்ஸில் 2.6 பாகை, பகலில் அது கூடும். எலக்ட்ரான் தொகை வரைபடங்களைக் கொண்டு திருத்தாமல் தொடங்கவே கூடாது.

மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள ஆக்சியன்கள் நியூட்ரான் விண்மீனின் காந்தக் கோளத்தில் ரேடியோ ஃபோட்டான்களாக மாறலாம். அப்போது தேடுவது துடிப்பை அல்ல, ஒரு குறுகிய நிறமாலைக் கோட்டை. 1 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் 242 மெகாஹெர்ட்ஸ். பால்வழி மையத்துக்கு அருகில் 2013ல் கண்டறியப்பட்ட காந்த விண்மீன் ஜே1745−2900 இதற்காகப் பலமுறை பார்க்கப்பட்டிருக்கிறது. காந்தக் கோளத்தின் பிளாஸ்மா அடர்த்தியை எப்படி மாதிரியாக்குகிறீர்கள் என்பதே இங்கே வரம்பை நிர்ணயிக்கும்.

கட்டியான கரும்பொருளுக்கு இரட்டைப் பல்சர்கள் உதவும். பால்வழியின் ஈர்ப்பு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 2×10⁻¹⁰ மீட்டர் அளவு. அது முழுவதும் பார்வைக்கோட்டின் திசையில் அமைந்தால், ஒரு நாள் சுற்றுக்காலம் கொண்ட இரட்டையின் காலத்தில் 6×10⁻¹⁴ என்ற மாறு வீதத்தைத் தரும். இதை அளந்து அருகிலுள்ள நிறை அடர்த்தியைக் கணக்கிடலாம். ஆனால் பல்சரின் குறுக்கு நகர்வு மட்டுமே அதைவிடப் பெரிய போலி வீதத்தைத் தரக்கூடும்: 5.7 நாளில் சுற்றும் ஜே0437−4715ல் அது 3.7×10⁻¹². எனவே தூரம் சுயேச்சையாக, நல்ல துல்லியத்தோடு தெரிந்த இரட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் இன்னும் குட்டையானதுதான்.